எழுபத்தெட்டுப் படங்கள்

முல்லா வீதி, புதுச்சேரி
20 ஜனவரி 2024

அன்புத் தம்பி முஆஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். நீயும் லமீஸும் ஹைதராபாத் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குகிறார், சொன்னால் கேட்பதில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ எப்போதும் எதிலாவது ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கிறாய். மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வருகிறது. எழுதினால் சொல்ல வந்ததையாவது முடிக்கலாம். நீயும் கையால் எழுது. மெயிலை உன் கம்பெனிக்காரர்களோடு வைத்துக்கொள்.

உன் திட்டம் இன்று எங்கள் மருத்துவமனையில் தொடங்கிவிட்டது. என் தம்பி இந்த மருந்துக் கம்பெனியில் வேலை செய்கிறான் என்று நெறிமுறைக் குழுவுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். தலைவர் அதைப் படித்துவிட்டு, "வீட்டுச் சண்டைய இங்க கொண்டாராம இருந்தா சரி" என்றார்.

பதினொரு வருடமாக மருந்து ஆய்வுகளுக்கு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். சர்க்கரைக்காரர்களின் கால்புண்ணுக்கான போன ஆய்வில் சேர்ந்த முப்பத்திரண்டு பேரில் பதினான்கு பேர் பாதியில் நின்றார்கள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் நின்றவர் ஒருவர்கூட இல்லை. வாராவாரம் கோரிமேட்டில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து எங்களிடம் வந்து, புண்ணை அளக்கக் காத்திருந்தால் ஒரு நாள் பிழைப்பு போய்விடும். இனி வீட்டிலிருந்தே தினம் ஒரு படம் எடுத்து அனுப்பினால் உன் மென்பொருள் புண்ணை அளந்துகொள்ளும். சுருங்கினால் போனில் பச்சைக் குறி, விரிந்தால் சிவப்பு. மூன்று வாரம் தொடர்ந்து பச்சை வந்தால் அந்த மாத விசிட்டையும் போனிலேயே முடிக்கலாம். இதை எழுதும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

முதலில் கையெழுத்துப் போட்டவர் வீராம்பட்டினம் முருகையன். ஐம்பத்திரண்டு வயது, பைபர் படகில் கடலுக்குப் போகிறவர். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஐந்து மாதமாக ஆறாத புண். வழக்கமான மருந்தா, சோதிக்கிற புது ஜெல்லா என்ற குலுக்கலில் அவருக்கு ஜெல் விழுந்தது. கையெழுத்துப் போடுமுன் நிறையக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

லமீஸுக்கு என் ஸலாம். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
ஸமீஹா


ஹைதராபாத்
2 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். பேனா பிடித்து எழுதி எத்தனை வருடம் ஆகிறது! என் கையெழுத்தைப் பார்த்து லமீஸ் சிரிக்கிறாள். அவளுக்கு இது மூன்றாவது மாதம். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, நான் போனில் சொன்னால் அழுவார்.

அக்கா, இந்தத் திட்டத்துக்கு என்னைச் 'சாம்பியன்' என்று நியமித்திருக்கிறார்கள். கம்பெனிக்குள்ளும் மருத்துவமனைகளிலும் புதுமுறைக்காக வாதாட வேண்டியவன் நான்தான். பெயரைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். ஆனால் இதற்காக இரண்டு வருடம் அலைந்திருக்கிறேன். "மருந்து வேலை செய்யுதான்னு பாருங்க, பஸ்ஸைப் பத்தி நமக்கென்ன?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்ட மேலதிகாரி இருக்கிறார். நோயாளியின் ஒரு நாளைப் பற்றிக் கம்பெனிகள் யோசித்ததே இல்லை. எங்கள் பொறியாளர்களும் உங்களைப் போன்ற மருத்துவமனைகளும் ஒன்றாக உட்கார்ந்ததால்தான் இது நடந்தது. ஆறு ஊர்களில் ஓடுகிறது. புதுச்சேரிதான் முதலில் வரவேண்டும் என்று எனக்கு ஆசை. வெளியில் சொல்லிவிடாதே.

தூக்கம்தான் குறைவு. மற்றபடி சுகம். அம்மாவுக்கு என் ஸலாம்.

தம்பி,
முஆஸ்


புதுச்சேரி
22 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும். லமீஸின் செய்தி கேட்டு அம்மா அழத்தான் செய்தார், பிறகு தெருவுக்கே சொல்லிவிட்டார். அவளைக் கனமாக எதையும் தூக்கவிடாதே.

இங்கே பத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். இதுவரை ஒருவரும் நிற்கவில்லை. கனகசெட்டிக்குளத்திலிருந்து லட்சுமி என்று ஒரு பெண், படம் எடுப்பதற்காகவே கால்விரலில் நகப்பூச்சு வைத்துக்கொள்கிறாள். முருகையனுக்கு அவர் மனைவி பூவிழி எடுக்கிறார். மார்க்கெட்டுக்கு மீன்கூடை கிளம்புமுன் வாசலில் அவரைக் குந்தவைத்து, வெயில் விழுகிற பக்கம் காலைத் திருப்பி எடுப்பாராம். "கல்யாணத்துக்குக்கூட என்ன இவ்ளோ போட்டோ புடிக்கல" என்று முருகையன் சொல்கிறார். நேற்று மாத விசிட்டுக்கு வந்தார். டாக்டர் இராமதாஸ் பார்த்துவிட்டுத் திருப்தியாக இருந்தார்.

ஒன்று கேட்க வேண்டும். நாள்தோறும் வருகிற படங்களை அங்கே மனிதர் யாராவது பார்க்கிறார்களா, அல்லது மென்பொருள் மட்டும்தானா? எங்கள் திரையில் அளவும் குறியும்தான் வருகின்றன, படம் வருவதில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஹைதராபாத்
23 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? அம்மாவை இந்த வருடமாவது விடச்சொல். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. லமீஸுக்கு வாந்தி நின்று பசி எடுக்கிறது.

ஒரு மாதம் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். மும்பை, டெல்லி, மறுபடி மும்பை. பெரிய மாநாட்டில் பேசச் சொன்னார்கள். புதுச்சேரியில் பாதியில் நின்றவர் எண்ணிக்கை பூஜ்யம் என்று நான் காட்டியதும் அரங்கில் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டு உனக்குத்தான் அக்கா. இன்னும் இரண்டு கம்பெனிகள் எங்களோடு சேரக் கேட்டிருக்கின்றன. மூன்று மாத அறிக்கை மே மாதம் போகிறது, அது நல்லபடியாகப் போய்விட்டால் போதும். நகப்பூச்சு வைக்கிற பெண்ணைப் பற்றி லமீஸிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவசரத்தில் எழுதுகிறேன்.

முஆஸ்


புதுச்சேரி
28 மார்ச் 2024

முஆஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலம்.

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. படங்களை யார் பார்க்கிறார்கள்?

முருகையனுக்கு மூன்று வாரமும் பச்சை. அதனால் இந்த மாத விசிட்டைப் போன வாரம் போனில் முடித்தேன். காய்ச்சல் உண்டா, வலி உண்டா, வீக்கம் உண்டா என்று படிவத்தில் உள்ளதையெல்லாம் கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை. போனை வைக்கப்போகும்போது பூவிழி வாங்கிப் பேசினார். "யம்மா, புண்ணு மூடிக்கினு வருது. ஆனா கட்டு பிரிச்சா ஒரு மாதிரி வாட வருது."

வாடைக்குப் படிவத்தில் இடம் இல்லை. ஓரத்தில் எழுதி டாக்டரிடம் காட்டினேன். உடனே வரச்சொல்லுங்கள் என்றார். முருகையனைக் கூப்பிட்டால், "பச்சதான வருது. பதினஞ்சாந்தேதி மீன்புடி தடைக்காலம் வந்துடும், அதுக்குள்ள நாலு நட போயிட்டு வந்துடறேன்" என்கிறார். நேற்றும் கூப்பிட்டேன். கடலில் இருக்கிறாராம்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதில் போடு.

ஸமீஹா


புதுச்சேரி
9 ஏப்ரல் 2024

முஆஸ்,

நீ பதில் போடவில்லை. நானே தொடர்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீராம்பட்டினம் போனேன். உள்ளே படுத்திருந்தார். போர்வை போர்த்தி, உதடு உலர்ந்து. வாசற்படியிலேயே அந்த நாற்றம் தெரிந்தது. காலைத் தொட்டேன். பாதம் முழுக்கச் சூடு. மேலே புண் ஒரு பயறு அளவுக்குச் சுருங்கியிருந்தது. பக்கத்தில் அழுத்தியதும் சீழ் வந்தது. தலைமாட்டில் கிடந்த போனில் அன்று காலை எடுத்த படத்துக்குப் பச்சைக் குறி.

ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வந்தேன். தோல் மேலே மூடிக்கொண்டது, அழுகல் உள்ளே எலும்புவரை போய்விட்டது என்றார் டாக்டர். நேற்றுக் காலை அறுவை. வலது பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். குதிகால் தப்பியது. உயிருக்கு இப்போது ஆபத்து இல்லை.

தீவிரப் பாதிப்பு அறிக்கையை உரிய நேரத்துக்குள் அனுப்பிவிட்டோம். அது உன் மேசைக்கும் வந்திருக்கும்.

பூவிழி வார்டு வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நான் போட்டோ சரியா புடிக்கலயாம்மா?"

ஸமீஹா


ஹைதராபாத்
15 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

பெருநாள் வாழ்த்துகள். அம்மா பிரியாணி அனுப்பச் சொன்னதாக லமீஸ் சொன்னாள். உன் இரண்டு கடிதமும் ஒன்றாகக் கிடைத்தன.

அறிக்கையைப் பார்த்தேன். மனது சரியில்லை. மருந்துப் பாதுகாப்புப் பிரிவு ஆராய்கிறது. சிகிச்சைச் செலவை முறைப்படி கம்பெனி ஏற்கும். இந்த நிலையில் இதைப் பற்றி நாம் இருவரும் எழுதிக்கொள்வது உனக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை. புரிந்துகொள்வாய் என்று நம்புகிறேன்.

லமீஸ் நலம்.

முஆஸ்


புதுச்சேரி
4 மே 2024

முஆஸுக்கு,

எழுதவேண்டாம் என்றாய். இரண்டு வாரம் எழுதாமல் இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

உங்கள் கம்பெனியிலிருந்து எங்கள் பதிவுகளைச் சரிபார்க்கச் செந்தமிழ்ச்செல்வி வந்திருந்தார். முருகையனின் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தவர், "இதே மாதிரி பிப்ரவரில இன்னொரு ஊர்லயும் ஆச்சே மேடம், உங்களுக்குச் சொல்லலயா?" என்றார். என்னவென்று கேட்டேன். மேலே தோல் மூடி, உள்ளே சீழ், போனில் பச்சை. அந்த நோயாளி ஊசியில் பிழைத்துக்கொண்டாராம். பிப்ரவரி பதினாறாம் தேதியே திட்டப் பொறுப்பாளருக்கு மெயில் போயிருக்கிறது என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து அவரே பயந்துபோனார்.

திட்டப் பொறுப்பாளர் நீதான்.

நான் படங்களை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டது பிப்ரவரி இருபத்திரண்டு. அதற்கு ஆறு நாள் முன்பே உனக்குத் தெரியும். நீ மும்பையில் கைதட்டு வாங்கியபோதும் தெரியும்.

உன்னிடம் நான் மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடுமுன் முருகையன் நிறையக் கேள்வி கேட்டார் என்று எழுதினேனே, அதில் ஒன்று: "போட்டோ அனுப்பிச்சா அந்தாண்ட பாக்கறதுக்கு ஆளு இருக்கா?" படிவத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் நான் சொன்னேன்: "இருக்காங்கண்ணா. என் தம்பிதான் பாக்கறான்." அதற்குப் பிறகுதான் பேனாவை வாங்கினார். வாடை என்று கேட்ட பிறகும் பத்து நாளுக்கு மேல் போனிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தவளும் நான்தான். வீராம்பட்டினம் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம். இரண்டையும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் வேலை என்னவாகும் என்று தெரியாது.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது.

ஸமீஹா


ஹைதராபாத்
11 ஜூன் 2024

அக்கா,

தெரியும்.

இந்த ஒரு வார்த்தையை எழுத ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் காரணங்கள் இருந்தன.

அந்த மெயில் வந்த அன்று நான் முதலில் நினைத்தது நோயாளியை அல்ல. "பஸ்ஸைப் பத்தி நமக்கென்ன" என்று கேட்டாரே, அந்த மேலதிகாரியை. இது அவர் கையில் கிடைத்தால் திட்டத்தையே மூடிவிடுவார் என்று நினைத்தேன். நோயாளி குணமாகிவிட்டார், மருந்தோடு தொடர்பில்லை என்று குறிப்பெழுதி, மே அறிக்கையோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். மருந்தோடு தொடர்பில்லைதான். படத்தோடு தொடர்பு இருந்தது. அது எனக்கு அன்றே புரிந்தது. நீ கேட்டபோது, யாரும் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தால் நீ அன்றைக்கே அவரைக் கூப்பிட்டுக் காலைப் பார்த்திருப்பாய். அதுவும் தெரிந்துதான் எழுதாமல் விட்டேன்.

போன மாதம் ஆறு ஊர்களின் நெறிமுறைக் குழுக்களுக்கும், ஆய்வின் பாதுகாப்பைக் கண்காணிக்கிற வெளி மருத்துவர்களுக்கும் நடந்ததைத் தேதி போட்டு எழுதிவிட்டேன், என் பெயரோடு. புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். சேர்ந்தவர்கள் எல்லோரையும் நேரில் வரவழைத்துக் காலைப் பரிசோதித்தார்கள். உங்கள் மருத்துவமனையிலும் நடந்திருக்கும். வேறோர் ஊரில் ஒருவருக்கு உள்ளே சீழ் இருந்தது. நல்லவேளை, தொடக்கத்திலேயே பிடித்தார்கள்.

என்னைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வேறு பிரிவில் இருக்கிறேன். லமீஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "அவங்க வீட்டுக்குப் போய்ச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் வரலாமா?

முஆஸ்


புதுச்சேரி
19 ஜூன் 2024

முஆஸ்,

வா. என்னைப் பார்க்க என்று வராதே. நான் கூட வரமாட்டேன், வழியும் காட்டமாட்டேன். குழுவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அவர்கள் அனுப்புகிற ஆளோடு போ. வீராம்பட்டினம் கோயிலைத் தாண்டி யாரைக் கேட்டாலும் வீட்டைச் சொல்வார்கள்.

என்னை எச்சரித்து வேலையில் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது.

ஸமீஹா


ஹைதராபாத்
9 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

ஞாயிறன்று போனேன். அம்மாவைக்கூடப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். குழுவிலிருந்து சாமிக்கண்ணு சார் கூட வந்தார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முருகையன் அண்ணன் வாசலில் நாற்காலியில் இருந்தார். கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். நான் யாரென்று சொன்னேன். எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒங்க அக்கா சாயல் இருக்குது" என்றார்.

பிறகு கேட்டார். "என் போட்டோவுல ஒண்ணாச்சும் நீ பாத்தியா?"

"இல்லண்ணா. யாருமே பாக்கல. கம்ப்யூட்டர்தான் அளந்துச்சு. அது தப்பா அளக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

பூவிழி அக்கா அடுப்படியில் இருந்து வந்து நின்றார். "கூடைய தூக்கறதுக்கு நேரமாவுதுன்னு ஒரு நாளாவது போட்டோ புடிக்காம உட்டனா?" என்று கணவரைக் கேட்டார்.

நான் கிளம்பலாமா என்று நினைத்தபோது முருகையன் அண்ணன் அந்தப் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "குந்து. எல்லாத்தையும் பாத்துட்டுப் போ."

தரையில் உட்கார்ந்து பார்த்தேன். எழுபத்தெட்டு. ஒன்றிரண்டில் பூவிழி அக்காவின் விரல் குறுக்கே வந்திருக்கிறது. ஒன்றில் ஒரு கோழி. ஐம்பதுக்குப் பிறகு புண் சிறிதாகிக்கொண்டே வருகிறது, அதைச் சுற்றிச் செம்மை கணுக்கால் பக்கம் ஏறிக்கொண்டே வருகிறது. அக்கா, அது கண்ணுக்குத் தெரிகிறது. நான் மருத்துவன் இல்லை, எனக்கே தெரிகிறது. கடைசிப் பத்துப் படங்களை ஒரு குழந்தை பார்த்திருந்தாலும் கேட்டிருக்கும்.

பிறகு சாமிக்கண்ணு சாரும் பார்க்கட்டும் என்று போனை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது நினைவில்லை. கேட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

நீ என்னை மன்னித்தாயா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

முஆஸ்


புதுச்சேரி
30 ஜூலை 2024

அன்புத் தம்பி முஆஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். லமீஸுக்கு நாள் நெருங்குகிறது, கூடவே இரு. கடைசி மாதத்துக்கு வந்துவிடுகிறேன் என்று அம்மா பெட்டியை எடுத்து வைத்துவிட்டார். முழங்காலைப் பற்றிக் கேட்டால் எரிந்து விழுகிறார்.

ஆய்வை மறுபடி தொடங்கக் குழு அனுமதி கொடுத்துவிட்டது. திருத்திய நடைமுறை வந்திருக்கிறது. படம் உண்டு, மென்பொருளும் உண்டு. ஆனால் ஒவ்வொரு படத்தையும் அன்றன்றே ஒரு செவிலியர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வாரம் ஒருமுறை எங்கள் ஆள் வீட்டுக்கே போய்க் காலைத் தொட்டு, அழுத்தி, முகர்ந்து பார்க்க வேண்டும். பச்சைக் குறியை எடுத்துவிட்டார்கள். பாதிப் பத்திகள் உன் நடை என்று படித்ததும் தெரிந்தது. உன் பெயர் எங்கும் இல்லை.

உன் இடத்துக்கு வந்திருப்பவர் போன வாரம் கூப்பிட்டார். முருகையன் விலக விரும்பினால் விலகல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம், அவருக்கும் சிரமம் குறையும் என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. எனக்கும் அதுவே சரி என்று பட்டது. இந்த ஆய்வின் பெயரைக்கூட அந்த மனிதர் இனிமேல் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். படிவத்தை எடுத்துக்கொண்டு நேற்று வீராம்பட்டினம் போனேன். ஏப்ரலுக்குப் பிறகு அந்த வாசலில் போய் நிற்க எனக்கு நேற்றுத்தான் தைரியம் வந்தது.

என்ன காகிதம் என்று கேட்டார். படித்துக் காட்டினேன். இதில் கையெழுத்துப் போட்டால் இனி விசிட் இல்லை, யாரும் வந்து தொந்தரவு செய்யமாட்டார்கள், சிகிச்சையும் இழப்பீடும் எப்போதும்போல் கிடைக்கும் என்றேன்.

"போட்டா, கடசியில எழுதுவாங்களே ரிப்போட்டு, அதுல நான் வருவனா?"

"இதுவரைக்கும் நடந்தது வரும்ணா. இதுக்கப்புறம் கால் எப்படி இருக்குன்னு வராது."

யோசித்தார். பூவிழி மீன் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப காலு போன நான் போற மாதிரி மத்தவங்களும் போயிட்டா, நல்லா இருக்கறவன் மட்டும் நின்னு, எல்லாருக்கும் நல்லாச்சுன்னு எழுதிடுவாங்க. அதப் படிச்சிட்டு டாக்டருங்க ஊருக்கெல்லாம் குடுப்பாங்க." காகிதத்தை மடித்து என்னிடம் நீட்டினார். "நான் போமாட்டேம்மா. இந்தக் காலு என்னா ஆவுதுன்னு கடசி நாளு வரைக்கும் எழுதணும். நடந்தா நடந்தேன்னு எழுது. நடக்கலன்னா அதயும் எழுது."

பதினொரு வருடத்தில் எத்தனையோ பேரிடம் இதை விளக்கிச் சொல்லியிருக்கிறேன். யாரும் எனக்கு இதைத் திருப்பி விளக்கியதில்லை. பூவிழி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அடுத்த விசிட் எப்போ?" என்று கேட்டார்.

"புதன்கிழமை, அக்கா. நாங்களே வீட்டுக்கு வருவோம்."

"வேணாம். நாங்க வரோம். ஊன்றுகோலோட பஸ் ஏற முடியுதான்னு பாக்கணுமில்ல" என்றார் முருகையன்.

மன்னித்தாயா என்று நீ கேட்டதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை, முஆஸ். இருப்பதாக எழுதினால் பொய். நாளை மறுநாள் அம்மாவை ரயிலேற்றுகிறேன். பத்து நாள் கழித்து நானும் வருகிறேன். என்னைக் கூட்டிப்போக ஸ்டேஷனுக்கு நீயே வா.

உன் அக்கா,
ஸமீஹா